தோள்பட்டைத் தசைநாணை அரிக்கும் நொதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பந்து வீசுகிறவர்கள், நீந்துகிறவர்கள், கூரைக்கு வண்ணம் அடிக்கிறவர்கள், நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் ஒரு கட்டத்தில் தோள் பிரச்சினை வரும். மருத்துவரிடம் போனால் "ஓவர்யூஸ்" அல்லது "தேய்மானம்" என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடும். தேய்மானம் என்றதும் செருப்பு தேய்வதுபோல ஏதோ தேய்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் செருப்புக்கு உயிர் கிடையாது. தசைநாணுக்குள் உயிருள்ள செல்கள் உட்கார்ந்திருக்கின்றன, அவை சுரக்கிற நொதிகள்தான் நாணின் இழைகளை வெட்டுகின்றன. யார் வெட்டச் சொன்னது, ஏன் வெட்டுகின்றன, நிறுத்த முடியுமா என்பதுதான் கீழே.

எல்லோரும் ஜவ்வு என்கிறார்களே, அதுதான் தசைநாணா?

பேச்சில் ஜவ்வு என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். எலும்பையும் எலும்பையும் கட்டுகிற நாரும் ஜவ்வு, மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்பும் ஜவ்வு, தசையின் நுனியை எலும்போடு இணைக்கிற நாணும் ஜவ்வு. இங்கே பேசப்போவது கடைசியாகச் சொன்ன நாணைப் பற்றி மட்டும்.

அது ஒரு கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மையிலேயே கயிறுதான். தண்ணீரை நீக்கிவிட்டு எடைபோட்டால் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். ஒவ்வொரு கொலாஜன் மூலக்கூறும் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி. அந்த முப்புரிகள் சேர்ந்து நுண்ணிழை, நுண்ணிழைகள் சேர்ந்து இழைக்கட்டு, கட்டுகள் சேர்ந்து நாண். இடையிடையே ஒல்லியாக நீண்டு கிடக்கிற செல்கள்தான் இந்தக் கயிற்றைத் திரிக்கிறவை, பழசானதை அறுத்தெடுக்கிறவையும் அவையே. இந்த இரட்டை வேலையை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிப் பக்கம் சுலபமாகப் புரியும்.

தோளில் அடிபடுவது எந்த நாண்?

தோளைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்து எலும்பின் தலையை ஒரு குல்லா மாதிரி பிடித்துக்கொள்கின்றன, இதைத்தான் ரொடேட்டர் கஃப் என்கிறோம். நான்கில் மேலே ஓடுகிற சுப்ராஸ்பைனாட்டஸ் நாணுக்குத்தான் அதிகம் அடி. அது தோள்பட்டை எலும்பின் கூரைக்குக் கீழே, ஒரு குறுகிய சந்துக்குள் போய் மேற்கை எலும்பில் செருகுகிறது. 1930களிலேயே கோட்மேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், எலும்பில் செருகும் இடத்தை ஒட்டிய கொஞ்சம் பகுதியில்தான் கிழிசல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கவனித்துச் சொன்னார். கூரை உரசுவதால் கிழிகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். அதிலே உண்மை கொஞ்சம் இருக்கலாம், ஆனால் பல கிழிசல்கள் கூரை உரசவே முடியாத அடிப்பக்கத்தில், மூட்டைப் பார்த்த பக்கத்தில் தொடங்குகின்றன. அப்போது நாணுக்குள்ளேயே ஏதோ நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

நொதி என்றால் வயிற்றில் சாப்பாட்டைச் செரிக்க வைப்பது. தோளில் அதற்கு என்ன வேலை?

தவளை கதைதான் இதற்கு நல்ல பதில். தலைப்பிரட்டைக்கு நீளமான வால் இருக்கும், தவளை ஆகும்போது அது சில நாளில் மாயமாகிவிடும். அறுந்து விழுவதில்லை, கரைந்து போகிறது. வாலில் இருக்கிற கொலாஜன் எங்கே போனது? 1962ல் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் என்ற இருவர், கொலாஜன் பூசிய தட்டில் தலைப்பிரட்டை வாலின் துணுக்குகளை வைத்துப் பார்த்தார்கள். துணுக்கைச் சுற்றி கொலாஜன் கரைந்தது. விலங்கு உடம்பே கொலாஜனை அறுக்கிற நொதியைச் சுரக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதற்குக் கொலாஜினேஸ் என்று பெயர்.

அதே குடும்பத்து நொதிகள் நம் உடம்பிலும் உண்டு. காயம் ஆறும்போது, எலும்பு வளரும்போது, பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சுருங்கும்போது என்று பழைய கட்டுமானத்தை எடுத்தாக வேண்டிய எல்லா இடத்திலும் இவை வேலை செய்கின்றன. தோள் நாணிலும் அதே வேலைதான்.

எந்தெந்த நொதிகள்? பெயர் சொல்லுங்கள்.

குடும்பப் பெயர் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ், சுருக்கமாக எம்.எம்.பி. மனிதரில் 23 வகை. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு துத்தநாக அணு இருக்கும், வெட்டுகிற பல் அதுதான்.

வெட்டுகிற முறை சுவாரசியமானது. முப்புரியாக முறுக்கிய கொலாஜனைச் சாதாரணப் புரத நொதிகளால் தொடவே முடியாது, இறுக்கம் அப்படி. எம்.எம்.பி.-1, 8, 13 ஆகிய மூன்றும் கொலாஜினேஸ்கள். இவை முப்புரியின் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பிடித்து, அங்கே முறுக்கை லேசாக அவிழ்த்து, மூன்று இழையையும் வெட்டுகின்றன. முக்கால் பங்கு ஒரு துண்டு, கால் பங்கு ஒரு துண்டு. எப்போதும் அதே இடம், அதே விகிதம். வெட்டிய துண்டுகள் உடல் வெப்பத்திலேயே முறுக்கு விட்டு அவிழ்ந்துவிடும், அதன்பிறகு ஜெலட்டினேஸ் என்கிற எம்.எம்.பி.-2, 9 வந்து பொடிப்பொடியாக்கும். எம்.எம்.பி.-3 வேறு ரகம், கொலாஜனைச் சுற்றியுள்ள மற்ற புரதங்களைக் கவனித்துக்கொள்ளும், தூங்குகிற மற்ற நொதிகளை எழுப்பியும் விடும். ஏடாம்டிஎஸ் என்று இன்னொரு குடும்பம் இழைகளுக்கு நடுவே நீரைப் பிடித்து வைத்திருக்கும் புரதங்களை வெட்டுகிறது.

கிழிந்த தோள் நாணிலிருந்து அறுவையின்போது எடுத்த துணுக்குகளைச் சோதித்தபோது, எம்.எம்.பி.-1, எம்.எம்.பி.-13 இரண்டும் நல்ல நாணைவிட அதிகமாக இருந்ததாகப் பல குழுக்கள் சொல்லியிருக்கின்றன. எம்.எம்.பி.-3 குறைந்திருந்தது. எல்லா நொதியும் ஏறிவிட்டது என்பதல்ல கதை, சில ஏறுகின்றன, சில இறங்குகின்றன, மொத்தத்தில் கணக்கு கோணிவிடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தத் துணுக்குகள் கிழிந்த பிறகு எடுத்தவை. நொதி ஏறியதால் கிழிந்ததா, கிழிந்ததால் நொதி ஏறியதா என்று அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால்தான் விலங்குச் சோதனைகளும் செல் சோதனைகளும் தேவைப்பட்டன.

இவ்வளவு கூர்மையான நொதிகள் உள்ளேயே இருந்தால் நாண் தினமும் கரையாதா?

கரையாது, மூன்று பூட்டு போட்டிருக்கிறது. முதலாவது, தேவையில்லாதபோது செல்கள் இவற்றை அதிகம் தயாரிப்பதே இல்லை. இரண்டாவது, தயாரித்து வெளியே அனுப்பும்போதே உறைபோட்ட கத்தியாகத்தான் அனுப்புகின்றன. நொதியின் ஒரு முனை மடங்கி வந்து அந்தத் துத்தநாக அணுவை மூடிக்கொண்டிருக்கும், வேறொரு நொதி வந்து அந்த உறையைக் கழற்றினால்தான் வெட்டும். மூன்றாவது, டிம்ப் என்று நான்கு காவல்காரப் புரதங்கள், வெட்டிக்கொண்டிருக்கிற நொதியின் வாயில் போய் ஒன்றுக்கு ஒன்றாக அடைத்துக்கொள்ளும்.

எனவே நொதி எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, நொதிக்கும் டிம்புக்கும் இடையிலான விகிதம்தான் முக்கியம். காவல் குறைந்தாலும் விளைவு ஒன்றேதான்.

அதிக உழைப்பு எப்படி இதைக் கிளப்புகிறது?

இதுதான் இந்தப் பக்கத்தின் நடுப்பகுதி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஆரோக்கியமான நாணில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கடுமையாக உழைத்தபின் கொலாஜன் தயாரிப்பும் ஏறும், கொலாஜன் சிதைப்பும் ஏறும். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் ஒன்று, ஒன்றரை நாளுக்குச் சிதைப்பு முந்திக்கொள்ளும், அதாவது அந்த நேரத்தில் நாண் நிகரமாகக் கொஞ்சம் இழக்கிறது. அதற்குப் பிறகு, சுமார் 36 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை, தயாரிப்பு முந்தி இழந்ததை ஈடுகட்டி ஒரு சொட்டு கூடுதலாகவும் போடும். இடிக்கிற ஆட்கள் முதலில் வருகிறார்கள், கட்டுகிறவர்கள் அடுத்த நாள் வருகிறார்கள். இப்போது நீங்கள் தினமும், இடைவெளி இல்லாமல், அதே நாணை அதே அளவுக்கு இழுத்தால் என்ன ஆகும்? கட்டுகிறவர்கள் வருவதற்குள் இடிக்கிறவர்களுக்கு மறுபடி அழைப்பு போகிறது. இப்படி வாரக்கணக்கில் போனால் கணக்கில் துண்டு விழுந்துகொண்டே இருக்கும்.

இது ஒரு பக்கம். இரண்டாவது பக்கம் இதைவிட விசித்திரமானது. செல்கள் இழைகளோடு ஒட்டிக்கொண்டு, எவ்வளவு இழுவிசை வருகிறது என்று எப்போதும் உணர்ந்துகொண்டிருக்கின்றன. எலி வால் நாண்களை வெட்டி எடுத்துத் தட்டில் இழுவிசை இல்லாமல் தொய்வாகப் போட்டுவைத்தால், செல்கள் கொலாஜினேஸைக் கொட்டத் தொடங்குகின்றன. அதே நாணை மிதமாக, தாளகதியில் இழுத்துக்கொண்டிருந்தால் அடங்கிவிடுகின்றன. இதிலிருந்து ஒரு விளக்கம் பிறந்தது: அதிக உழைப்பில் சில நுண்ணிழைகள் அறுந்துபோகின்றன, அறுந்த இழையில் ஒட்டியிருக்கும் செல்லுக்கு இழுவிசை திடீரென்று இல்லாமல் போகிறது, "இந்த இழை இனி எதற்கும் உதவாது" என்கிற மாதிரி அது நொதியைச் சுரந்து சுற்றுப்புறத்தை அரிக்கிறது, பக்கத்து இழையும் பலவீனமாகி அறுகிறது. மொத்தத் தோளுக்கு அதிக சுமை, ஆனால் அந்த ஒரு செல்லுக்குச் சுமையே இல்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இது, ஏனென்றால் அதிக உழைப்பும் முழு ஓய்வும் ஏன் ஒரே மாதிரி சேதத்தைக் கொடுக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது.

இவற்றோடு சூடும் ஆக்சிஜன் கழிவுகளும் சேரும். திரும்பத் திரும்ப இழுபடும் நாணில் செல்களுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறி, அது எம்.எம்.பி.-1 தயாரிக்கும் ஆணையை முடுக்கிவிடுகிறது. இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞையும் அதையே செய்யும். அளவு மிஞ்சினால் கேஸ்பேஸ் என்ற வேறு நொதிகள் விழித்து, செல்லே தன்னை முடித்துக்கொள்ளும். திரிக்கிற ஆளே இல்லாத இடத்தில் கயிறு எப்படி வளரும்?

இதையெல்லாம் முழு விலங்கில் பார்த்தார்களா?

பார்த்தார்கள். எலியின் தோள் அமைப்பு நம்முடையதைப் போலவே நாணுக்கு மேலே ஓர் எலும்புக் கூரை கொண்டது. எலிகளை 10 டிகிரி இறக்கத்தில் நிமிடத்துக்கு 17 மீட்டர் வேகத்தில், நாளுக்கு ஒரு மணி நேரம், வாரம் 5 நாள் டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். சில வாரங்களில் சுப்ராஸ்பைனாட்டஸ் நாண் தடித்தது, ஆனால் பலம் குறைந்தது, இழைகள் ஒழுங்கில்லாமல் குழம்பின. தடித்த நாண் என்றால் பலமான நாண் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம். இன்னொரு வகைச் சோதனையில் நாணுக்குள் நேரடியாகவே பாக்டீரியாவின் கொலாஜினேஸை ஊசியால் செலுத்துகிறார்கள், நோயுற்ற நாணை ஒத்த ஒன்று தயாராகிவிடுகிறது.

இது வீக்கமா, அழற்சியா? ரிப்போர்ட்டில் டெண்டினைட்டிஸ் என்று போட்டிருக்கிறது.

பழக்கத்தில் அப்படி எழுதுகிறார்கள். நாள்பட்ட நாணை நுண்ணோக்கியில் பார்த்தால், சிவந்து வீங்கிய அழற்சிக்கு உரிய செல்கள் அவ்வளவாக இருப்பதில்லை. கொலாஜன் குழம்பியிருக்கும், வலுவான முதல் வகைக் கொலாஜன் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய மூன்றாம் வகை வந்திருக்கும், புதுசாகச் சிறு ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கும். அதனால்தான் இப்போது டெண்டினோபதி என்ற பொதுப்பெயரை விரும்புகிறார்கள். ஆனால் அழற்சியே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது, ஆரம்பக் கட்டத்தில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது என்கிற கட்சி சமீபத்தில் பலம் பெற்றிருக்கிறது.

சரி, முழு ஓய்வு எடுத்துவிட்டால் நொதி அடங்குமா?

மேலே சொன்ன தொய்வு நாண் சோதனையை நினைத்துப் பாருங்கள். வலி உச்சத்தில் இருக்கும் சில நாள் வேலையைக் குறைப்பது சரிதான். ஆனால் கையைத் தூளியில் போட்டு மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் செல்களுக்கு இழுவிசை கிடைக்காது, சிதைக்கும் பக்கமே ஓங்கும், போதாததற்குத் தோளும் இறுகிப்போகும். நாணுக்கு வேண்டியது இழுவிசை, அளவோடு, நடுவே கட்டுகிறவர்களுக்கு நேரம் விட்டு.

கட்டுகிற நொதிகள் என்று எதுவும் இல்லையா?

இருக்கின்றன, யாரும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி கொலாஜன் இழைகளின் முறுக்கு நிலைக்க வழி செய்கிறது, அதற்கு வைட்டமின் சி வேண்டும். வைட்டமின் சி கிடைக்காத மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்து ஈறு கரைந்து பழைய தழும்புகள் பிளந்தது இந்த நொதி படுத்துக்கொண்டதால்தான். லைசில் ஆக்சிடேஸ் என்ற இன்னொன்று பக்கத்துப் பக்கத்து இழைகளைக் குறுக்குப் பிணைப்பால் தைக்கிறது, அதற்குத் தாமிரம் வேண்டும்.

உடனே வைட்டமின் சி மாத்திரை வாங்க ஓடாதீர்கள். குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்வது அவசியம், குறைபாடு இல்லாதவர் கூடுதலாக விழுங்கினால் கயிறு கூடுதலாகத் திரிந்துவிடாது.

வெட்டுகிற நொதிதான் சிக்கல் என்றால் மருந்து கொடுத்து மொத்தமாகத் தடுத்துவிடலாமே?

இதைப் புற்றுநோய்க்காக நிஜமாகவே செய்து பார்த்தார்கள். புற்றுநோய்ச் செல்கள் பரவ எம்.எம்.பி.க்கள் உதவுகின்றன என்பதால், 1990களில் மாரிமாஸ்டாட் என்ற மருந்தைக் கொடுத்து அந்தக் குடும்பத்தையே முடக்கிப் பார்த்தார்கள். நோயாளிகளுக்கு என்ன வந்தது தெரியுமா? மூட்டு வலி, இறுக்கம், அதிலும் சிலருக்குத் தோள் உறைந்துபோகிற ஃப்ரோசன் ஷோல்டர், உள்ளங்கை நாரும் சுருங்கியது. தோள் ஆரோக்கியமாக இருக்க வெட்டுவதும் தேவை என்பதற்கு மனிதரிலேயே கிடைத்த சாட்சி இது. வெட்டு அதிகமானால் நாண் நைந்துபோகிறது, வெட்டே இல்லாவிட்டால் மூட்டுறை இறுகிப்போகிறது.

டாக்ஸிசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக்குக்கும் எம்.எம்.பி.யைத் தணிக்கும் குணம் உண்டு. கிருமியைக் கொல்லாத அளவு சிறிய டோஸில், 20 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, ஈறு நோய்க்குத் தரப்படுகிறது. தோள் நாணை எலும்பில் தைத்த எலிகளில் இது ஒட்டுதலை மேம்படுத்தியது. எலியில் நடந்தது உங்கள் தோளில் நடக்கும் என்று இதை வாங்கிப் போட வேண்டாம், தோள் நாணுக்கு இது வழக்கமான சிகிச்சை கிடையாது.

சில ஆன்டிபயாட்டிக்குகள் நாணை அறுத்துவிடும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் முதலான ஃப்ளூரோகுயினலோன் வகை. 2008ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவற்றின் அட்டையில் நாண் அழற்சி, நாண் அறுதல் பற்றிக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. குதிகால் நாண்தான் அதிகம் பாதிக்கப்படும், தோளும் விதிவிலக்கல்ல. சோதனைச்சாலையில் இந்த மருந்து பட்ட நாண் செல்கள் எம்.எம்.பி.யைக் கூட்டிச் சுரக்கின்றன. 60 வயதுக்கு மேற்பட்டவர், ஸ்டீராய்டு எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் இவர்களுக்கு ஆபத்து அதிகம். உங்களுக்கு ஏற்கனவே நாண் பிரச்சினை இருந்தால், ஆன்டிபயாட்டிக் எழுதும் மருத்துவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நாண் வலிக்கத் தொடங்கினால் அன்றே கூப்பிட்டுக் கேளுங்கள்.

மருந்துக் கடையில் "என்சைம் மாத்திரை" தருகிறார்களே, அது இதற்குத்தானா?

பெயர்ப் பொருத்தம் தவிர வேறு பொருத்தம் இல்லை. செராட்டியோபெப்டிடேஸ், டிரிப்சின், கைமோடிரிப்சின், பப்பாளியின் பப்பைன், அன்னாசியின் புரோமிலெய்ன், எல்லாமே புரதத்தை வெட்டும் நொதிகள். வீக்கத்தைக் கரைக்கும் என்று விற்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், உங்கள் நாணில் சிக்கலே வெட்டுதல் மிஞ்சிப்போனதுதான், அதற்கு இன்னும் வெட்டுகிறவர்களை அனுப்பி என்ன லாபம்? அவ்வளவு பயப்படவும் வேண்டாம், வாய்வழி போன நொதியில் பெரும்பகுதி நாண் வரை போய்ச் சேருவதே இல்லை. செராட்டியோபெப்டிடேஸ் புழக்கத்துக்கு வந்த ஜப்பானிலேயே, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனையில் பலன் காட்ட முடியாமல் 2011ல் தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வலி மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும்?

வலி மாத்திரைகள் சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்ற வேறொரு நொதியைத் தடுக்கின்றன, எம்.எம்.பி.யை அல்ல. வலி குறையும், நாண் அதனால் சீராகிவிடாது. வலி தெரியாததால் அதே வேலையைத் தொடர்வதுதான் இதில் உள்ள பொறி.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகவே கேட்கும், தூக்கமில்லாமல் தவிப்பவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அது கொலாஜன் தயாரிப்பையும் சேர்த்து அமுக்குகிறது. ஒரு ஊசியில் உலகம் முடிந்துவிடாது, வலித்தபோதெல்லாம் போட்டுக்கொள்வதுதான் தவறு. ஊசி போட்ட கையோடு "வலி போய்விட்டது" என்று அன்று மாலையே பந்து வீசப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் இந்த நொதிகள் தெரியுமா?

பயன்படும்படி தெரியாது. சி.பி.கே. என்ற தசை நொதி ரத்தத்தில் ஏறினால் அது தசைச் சேதம், நாண் அல்ல. ரத்தத்தில் எம்.எம்.பி. அளக்க முடியும்தான், ஆனால் அது உடம்பின் எந்த மூலையிலிருந்தும் வந்திருக்கலாம்.

சர்க்கரை, புகை, வயது இவற்றுக்குத் தொடர்பு உண்டா?

மூன்றுக்கும் உண்டு. சர்க்கரை அதிகமாக இருந்தால் அது கொலாஜனோடு நொதியின் உதவியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, தேவையில்லாத குறுக்குப் பிணைப்புகளைப் போடும். நாண் விறைத்துப்போகும், பழுதுபார்ப்பதும் சிரமமாகும். புகைப்பவர்களுக்குக் கிழிசல் அதிகம், தைத்தாலும் ஒட்டுவது தாமதம். வயதைப் பற்றி ஒன்று சொன்னால் பலருக்கு ஆறுதலாக இருக்கும்: தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத, 60 வயது தாண்டியவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது பாதிப் பேருக்கு முழுதாகவோ அரைகுறையாகவோ கிழிசல் இருந்தது. ஸ்கேனில் கிழிசல் தெரிவதும், அதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்பதும் இரண்டு வெவ்வேறு விஷயம்.

அப்படியென்றால் அறுவை தேவையில்லையா?

எது என்பதைப் பொறுத்தது. எலும்புக் கூரையைச் சுரண்டி இடம் உண்டாக்கும் அறுவையை, வெறுமனே உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டு மூடிய போலி அறுவையோடு ஒப்பிட்டு 2018ல் பிரிட்டனிலும் பின்லாந்திலும் முடிவுகள் வந்தன. நோயாளிக்குத் தெரியும்படியான வித்தியாசம் இல்லை. நாணுக்குள்ளே நடப்பது நொதிக் கணக்கு என்றால் கூரையைச் சுரண்டி என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் விழுந்து அடிபட்டுத் திடீரென்று முழுதாகக் கிழிந்த நாண் வேறு கதை, அங்கே தைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

பயிற்சி எப்படி, எத்தனை நாள்?

மேலே சொன்ன மணிக்கணக்கை அப்படியே அட்டவணையாக மாற்றிக்கொள்ளலாம். நாணுக்குக் கனமான சுமை கொடுக்கும் பயிற்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள், நடுநாளில் லேசான அசைவு மட்டும். எடையைக் கூட்டுவது மெதுவாக, வாரக்கணக்கில். பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பதுதான் அளவுகோல். மறுநாள் வலி முந்தைய நாளைவிட ஏறியிருந்தால் இடிக்கிறவர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், சுமையைக் குறையுங்கள். எந்தப் பயிற்சி என்பதைப் பிசியோதெரபிஸ்ட் உங்கள் தோளைத் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

குறைந்தது 12 வாரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு? நாண் அவ்வளவு மெதுவான திசு. 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பனை வைத்து மனிதக் குதிகால் நாணின் வயதைக் கணக்கிட்டபோது, அதன் மையப்பகுதி சுமார் 17 வயதுக்குப் பிறகு ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. வெளிப்புறத்திலும் இழைகளுக்கு இடையிலும்தான் பரபரப்பான வேலை நடக்கிறது.

எப்போது காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

விழுந்த பிறகோ ஒரு "டப்" சத்தத்துக்குப் பிறகோ கையைத் தூக்கவே முடியாவிட்டால். காய்ச்சலோடு தோள் சூடாகச் சிவந்திருந்தால். கை மரத்துப்போனால், பிடி தளர்ந்தால். ஓய்விலும் இரவிலும் வலி கூடிக்கொண்டே போய், காரணமில்லாமல் எடையும் இறங்கினால். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அது நாணே இல்லை என்று வைத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.